ஒரு மீற்றர் தொண்ணூறு

மார்ச் 5, சனி

மழை. விடாத தூறல். காலை முழுதும் வண்டி ரயர் பார்த்தேன்.

ஆரணி அனுப்பிய படங்கள் ஒரு கும்பல். எல்லாம் வாகனச் சில்லுகள். கறுப்பு, சாம்பல், வெண்கல நிறம். இருபத்தாறு வயதில் மகள் தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: எது என் பிக்கப்புக்குப் பொருந்தும்? பார்மசிப் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டபோது கேட்கவில்லை. மரம் வெட்டும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது கேட்கவில்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டு கிளை அறுப்பதற்கு இந்தப் பிரெஞ்சு நாட்டில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அவளிடம் ஒன்று இருக்கிறது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள் அவள் தாய் வசந்தி. என் பௌதிகப் பட்டம் அலுமாரிக்குள்.

ஏப்ரலில் இருந்து அவளுக்கு ஓத்-லுவார் மலைப்பக்கம் வேலை. நிரந்தர வேலை, அங்கேயே வீடு. காட்டுப் பாதை, கல், சேறு. இப்போதுள்ள ரயர் வழுக்குகிறதாம். பிக்கப்பின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடத் தாழ்வு. மேடு ஏறினால் மூக்கு இடிக்கிறதாம். ஆகவே பெரிய சில்லு, தடித்த ரயர், முன்பக்கத்தை உயர்த்தி மட்டமாக்கும் வளையங்கள்.

என் கையெழுத்து இல்லாமல் நடக்காது. வண்டி என் பெயரில். அவளுக்கு லைசென்ஸ் புதிதாக இருந்தபோது காப்புறுதிக்கு அசூரன்ஸ்காரன் கேட்ட தொகைக்குப் பயந்து அப்படிப் பதிந்தோம். பன்னிரண்டாம் இலக்க மெற்றோ ரயிலில் நின்றுகொண்டு போய் வருகிறவன் பெயரில் ஒரு பிக்கப்.

அசூரன்சுக்குக் கடிதம். மீன் (பாரை இருந்தால்). வசந்தியின் முழங்கால் எண்ணெய்.

மார்ச் 8, செவ்வாய்

பொபினியில் என் அலுவலகம். வெயில், ஆனால் குளிர். சுங்கப் பத்திரம் நிரப்புவதில் பிழை பிடித்துச் சொன்னேன். புதிய பொறுப்பாளர், முப்பது வயது, நன்றி சொல்லிவிட்டுத் தான் கண்டுபிடித்ததாக மேலே அனுப்பினார். எழுதி வைக்கிறேன். மறக்கக் கூடாது.

மதியம் ரயர்க் கணக்கு. இப்போது இருப்பது 255/70, பதினாறு அங்குலச் சில்லு. அவள் கேட்பது 285/70, பதினேழு. முதல் எண் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை வீதம் ரயரின் சுவர் உயரம். மிச்சம் பெருக்கல், கூட்டல். 285 போட்டால் வண்டி மூன்றரைச் சென்ரிமீற்றர் உயரும். 265/70 என்றால் இரண்டு.

பின்னேரம் போனில் அவளோடு. நான் தமிழில், அவள் பிரெஞ்சில், வழக்கம்போல. முன்பக்கம் தாழ்வாக இருப்பது பிழையல்ல என்றேன். பாரம் ஏற்றினால் பின்பக்கம் இறங்கும், அப்போது வண்டி தானாக மட்டத்துக்கு வரும். அதற்காகவே அப்படிச் செய்து அனுப்புகிறார்கள். வெறும் வண்டியை மட்டமாக்கினால் பாரம் ஏற்றியபின் மூக்கு வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவனின் கண்ணில் லைற் அடிக்கும். தனக்குத் தெரியும் என்றாள். மலை ஏறுவது பெரும்பாலும் வெறும் வண்டியோடு, பின்பக்க வில்லுத்தகடும் தடிப்பு, அவ்வளவு இறங்காது என்றாள். நியாயம்தான். ஒப்புக்கொள்ளவில்லை.

போனை வைக்கும்போது சொன்னாள்: அப்பா என்னோடு இவ்வளவு நேரம் கதைத்தது இதுதான் முதல்முறை, அதுவும் வில்லுத்தகட்டைப் பற்றி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். 

உண்மையான விஷயம் வேறு. எங்கள் கட்டடத்தின் நிலவறைப் பார்க்கிங். வாசலில் சங்கிலியில் தொங்கும் மஞ்சள் கம்பி: 1.90. அதற்கு மேல் உயரமான எதுவும் உள்ளே போகாது. போன வருடம் கீழே எங்கள் இடத்தில் அரிசி மூட்டை அடுக்கியிருந்ததால் பிக்கப்பைத் தெருவில் விட்டாள். விடியும்போது பூட்டு உடைந்திருந்தது, மரம் அறுக்கும் சங்கிலி வாள்கள் இரண்டும் இல்லை. அன்றிலிருந்து கீழே இடம் இருந்தால் மட்டும் தங்குவாள். இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டு எழும்புவாள்.

ஐந்நூறு கிலோமீற்றர் ஓடி வந்து, சாப்பிட்டு எழும்பிப் போக யார் வருவார்கள்?

அவள் கேட்கிற 285ம் ஆறு சென்ரிமீற்றர் வளையமும் போட்டால் வண்டி மலையில் ஏறும். இந்த வீட்டுக்குள் வராது. இதை அவளுக்குச் சொல்லவில்லை. பார்க்கிங்குக்காகவா ரயர் என்று கேட்பாள். 

மார்ச் 12, சனி

ஆரணி வந்தாள். வேலையிலிருந்து நேரே, பின்பெட்டி நிறைய மரத்துண்டு, கயிறு, வாள். சப்பாத்துச் சேற்றைப் படி முழுதும் தட்டினாள். இரண்டாம் மாடிக் கிழவி கதவைத் திறந்து பார்த்து மூடினாள்.

அவள் குளிக்கும் நேரத்தில் கீழே போய் அளந்தேன். வசந்தியின் தையல் பெட்டியிலிருந்த நாடா. வண்டியில் மிக உயரமான இடம் கூரையல்ல. பின்பெட்டிக்கு மேலே ஏணி வைக்கும் இரும்புச் சட்டம். கு. உருக்கி ஒட்டிக் கொடுத்தது. 1.84. இரண்டுமுறை அளந்தேன். 265 ரயருக்கு இரண்டு. முன்பக்கத்தை நாலு உயர்த்தினால் நடுவில், சட்டம் தொடங்கும் இடத்தில், இரண்டு. மொத்தம் 1.88. போகும்.

கராஜில் தூக்கி வைத்து அளப்பதே முறை. கராஜ் கு.வினுடையது. நான் போவதில்லை.

கு. வசந்தியின் தம்பி. ஆரணி பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டில் தாய்மாமன் அவன்தான் தேங்காய் உடைக்க வேண்டும். மண்டபம் நிறைய ஆட்கள், வீடியோக்காரன் கமராவைத் தோளில் வைத்தபடி, ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தபடி. ஆரணி குனிந்த தலையோடு. நல்ல நேரம் போனது. ஒன்றுவிட்ட தம்பி ஒருவனைக் கொண்டு உடைப்பித்தோம். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது கு. வந்தான், கையெல்லாம் கிறீஸ் அழுக்கு. யாரோ வாடிக்கையாளரின் கார் நடுவழியில் நின்றுவிட்டதாம். எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "தேங்காய்தானே அத்தான், எப்ப உடைச்சாலும் உடையும்." சிலர் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் சொல்வேன். அதற்குப் பிறகு அவனோடு ஒரு சொல் இல்லை.

ஆனால் சில்லு மாற்ற அவன்தான். வேறு இடத்தில் இரட்டிப்பு. மாமாவிடம்தான் கொடுப்பேன் என்று ஆரணியும் பிடிவாதம். வசந்தி போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், 265, நாலு சென்ரிமீற்றர், அதற்கு மேல் கையெழுத்து இல்லையென்று.

"குகன், அத்தான் சொல்லுறார், இருநூற்று அறுபத்தஞ்சாம்."

"அக்கா, அத்தானைக் கேளுங்கோ, பிக்கப்புக்கோ சைக்கிளுக்கோ எண்டு."

அசூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லச் சொன்னேன். 265 போட்டாலே வேகமானி நூறு காட்டும்போது நூற்றைந்தில் ஓடும், அதற்கும் பெரிய ரயர் போட்டால் இன்னும் கூடும், பொலிஸ் பிடித்தால் கடிதம் என் பெயருக்கு வரும் என்று சொல்லச் சொன்னேன். எல்லாம் உண்மை. காரணம் மட்டும் அதுவல்ல.

ஆரணி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரே சொல்: தாக்கோர். சரி என்று. வாதாடுவாள் என்று நினைத்து வைத்திருந்த பதில்கள் மிச்சம்.

மார்ச் 19, சனி

வானம் தெளிவு. சில்லு மாற்றியாயிற்று. ஆரணி படம் அனுப்பினாள். வெண்கல நிறம்தான் எடுத்திருக்கிறாள், நான் கறுப்பு என்று சொல்லியிருந்தேன். முன்னும் பின்னும் மட்டம். நன்றாகத்தான் இருக்கிறது. லைற் இறக்கிப் பூட்டினார்களா, சில்லு நேர் பார்த்தார்களா என்று வசந்தியைக் கேட்கச் சொன்னேன். பார்த்தார்களாம். வேகமானியையும் கு. திருத்திவிட்டானாம். நான் சொல்லாவிட்டால் செய்திருப்பானா?

சட்டை இரண்டு இஸ்திரிக்கு. லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் பச்சை மிளகாய்க்கு நெருப்பு விலை.

மார்ச் 26, சனி

கோயில். வசந்தியின் பிடிவாதம்: புதுச் சில்லு, தூரப் பயணம், பூசை செய்யாமல் போகக் கூடாது. கோயில் இருக்கும் ரூ பஜோல் தெருவில் நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். ஐயர் முன்கண்ணாடியில் திருநீறு பூசிப் பொட்டு வைத்தார். நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். பின்னால் பார்சல் வான்காரன் ஹோர்ன் அடித்தபடி.

சாமான் கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன மாஸ்டர், சீதனம் இப்பவே ரெடியோ?" மகளின் சொந்த உழைப்பு என்றேன். "அப்ப மாப்பிள்ளைக்கு ஏணி வேணும்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். இவரிடம் இனி அரிசி வாங்குவதில்லை.

கு. வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, நேரத்துக்கு முன்னாலேயே. தேங்காயை அவன்தான் உடைத்தான். ஒரே அடி, இரண்டு சரி பாதி. மருமகளின் நாளுக்கு வரத் தெரியாதவன் மருமகளின் ரயருக்கு வரத் தெரிந்து வைத்திருக்கிறான். என் பக்கம் ஒருமுறை பார்த்தான். நான் ரயரைப் பார்த்தேன். ஆரணி மெல்ல உருட்ட, பழங்கள் நசுங்கின. அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

மார்ச் 27, ஞாயிறு

கோடைக்கு மணிக்கூட்டை முன்னே தள்ளிய நாள், ஒரு மணித்தியாலம் களவு போனது. ஆரணி போய்விட்டாள்.

நேற்று மாலையே பின்பெட்டியில் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து கீழே விட்டிருந்தாள். கட்டில் பலகை, புத்தகம், வாள்கள், கயிறு, வசந்தி கட்டிய அரிசி, மிளகாய்த்தூள், ஒரு பழைய இடியப்ப உரல். காலையில் நான் முன்னால் நடந்து போய் மஞ்சள் கம்பிக்குக் கீழே நின்றேன். மெல்ல வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். சட்டம் கம்பிக்குக் கீழால் போனது. ஒரு விரல் இடைவெளி. கணக்கு சரி. எனக்குள் ஒரு துள்ளல், யாரிடமும் சொல்ல முடியாதது.

மேலே, தெருவில், கண்ணாடியை இறக்கினாள். ஏதாவது சொல்ல வேண்டும். ரயர்க் காற்றைக் கிழமைக்கு ஒருமுறை பார் என்றேன். பாரம் இறக்கியபின் பின் ரயரில் கொஞ்சம் காற்றைக் குறை என்றேன்.

தமிழில் பதில் சொன்னாள். "அப்பா, வருசப்பிறப்புக்கு வருவன். பார்க்கிங் கதவுத் திறப்பை நான்தான் வைச்சிருக்கிறன், தேடாதேங்கோ."

மார்க்ஸ் டோர்மோய்ச் சந்தியில் சிவப்பு விளக்கு. அது பச்சையாகும்வரை நின்றேன். வசந்தி மேலே போய்விட்டாள், அழுதாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 2, சனி

பனி. ஏப்ரலில் பனி. ஜன்னல் ஓரம் வெள்ளை.

காலை ஆரணியிடமிருந்து படம். புது வீடு, ஓட்டுக் கூரை, முன்னால் பிக்கப். சாமான் எல்லாம் இறக்கியாயிற்றாம். பதின்மூன்றாம் திகதி புறப்பட்டு வருசப்பிறப்புக்கு முதல்நாள் இரவே வந்துவிடுவாளாம், வெறும் வண்டி, ஆறு மணித்தியாலம் போதுமாம். வசந்தி உடனே வருசக் கைவிசேஷம் கொடுக்கப் புதுக் காசுத்தாள் மாற்றி வரச் சொன்னாள்.

படத்தை இரண்டாம்முறை பார்த்தேன். ஏதோ சரியில்லை. வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கிறது. ஏணிச் சட்டம் கூரை ஓட்டைத் தொடுகிறது போல.

வெறும் வண்டி.

நான் அளந்த அன்று பின்பெட்டி நிறைய மரம். போன அன்று பெட்டி நிறையச் சாமான். பாரம் ஏற்றினால் பின்பக்கம் இறங்கும் என்று அவளுக்குப் பாடம் நடத்தியது நான்தான். சேறு பூசிய பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, நாடாவைப் பிடித்துக்கொண்டு, பாரத்தோடு அளந்தேன். பாரம் இல்லாமல் குறைந்தது நாலு சென்ரிமீற்றர் உயரும். 1.92.

பாரத்தோடு போக முடிந்தது. வெறுமையாக வர முடியாது. வந்து, கம்பியில் சட்டம் தட்டி, பின்னால் எடுத்து, தெருவில் இடம் தேடி, இல்லாமல், சாப்பிட்டு எழும்புவாள். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

கராஜில் அளந்திருந்தால் வெறும் வண்டியைத்தான் அளந்திருப்போம்.

வசந்தியிடம் சொன்னேன். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "குகனுக்குச் சொல்லுங்கோ, சட்டத்தை வெட்டி இறக்குவான்." நீ சொல்லு என்றேன். "எனக்கு உந்தக் கணக்கு விளங்காது. நீங்களே சொல்லுங்கோ." விளங்கும். அவளுக்கு எல்லாம் விளங்கும்.

மெற்றோ வாசல்வரை நடந்து திரும்பி வந்தேன். காதில் பனி.

ஏப்ரல் 3, ஞாயிறு

குளிர் விடவில்லை. பால், பாண், புதுத் தாள் (நாளை வங்கி).

பத்து மணிக்குக் குகனுக்கு எடுத்தேன். என் போனிலிருந்து. இலக்கம் அவனுக்குத் தெரியாது, பிரெஞ்சில் எடுத்தான். நான்தான் என்றேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஏதோ இயந்திரம் நின்றது.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பதின்மூன்றாம் திகதி ஆரணி முதலில் உன்னிடம் வருவாள். ஏணிச் சட்டத்தின் காலை நாலு சென்ரிமீற்றர் வெட்டி ஒட்ட வேண்டும். பார்க்கிங் கம்பி 1.90. நான் பாரத்தோடு அளந்துவிட்டேன்.

 வைத்துவிட்டானோ என்று திரையைப் பார்த்தேன்.

"அத்தான், இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னோடை கதைக்கிறது நாலு சென்ரிமீற்றருக்கோ?"

ஓம் என்றேன்.

"அஞ்சாய் வெட்டிவிடுறன். தட்டாமல் வரட்டும்."

நாலு போதும் என்றேன். பிறகு, சரி, அஞ்சு.