ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்துவிடக் கோரி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரின் மனைவி,
(நாடகத்தில் ராணி),
இரண்டாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய வீடு,
பள்ளிக்கூடத்துப் பின்புறக் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
தனிமைப்படுத்தும் மையம்,
பள்ளிக்கூடக் கட்டடம்.

பொருள்: எங்கள் குடியிருப்பின் நாடகம் பாதியில் நின்றது – ராஜா தங்கள் மையத்தில் இருப்பது – அவருடைய கிரீடத்தைத் திருப்பித் தரவும், மாடியின் பின்புற ஜன்னல் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் திறந்துவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். மருமகள் டைப் அடித்துத் தருவதாகச் சொன்னாள். அவள் அடித்தால் பாதியை வெட்டிவிடுவாள் என்பதால் வேண்டாம் என்றேன். தாங்கள் முழுவதையும் பொறுமையாகப் படிக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. எங்கள் குடியிருப்பு ‘ப’ எழுத்தைப் போலக் கட்டப்பட்டது. மூன்று பக்கமும் வீடுகள், நடுவில் முற்றம். நான்காவது பக்கத்தில் தங்கள் பள்ளிக்கூடத்தின் பின்சுவர். ஒவ்வொரு வீட்டு வராந்தாவும் முற்றத்தைப் பார்த்தே இருக்கும். ஊரடங்கு வந்த பிறகு வராந்தாக்கள் எல்லாம் காலியாகிவிட்டன. யாராவது தும்மினால் நாலு கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சுவார்த்தை.

2. இந்த நிலையில் என் பேத்தி ஒரு நாடகம் எழுதினாள். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்கு நல்ல மூளை. யாரும் தன் வீட்டு வராந்தாவை விட்டு நகரக் கூடாது, அங்கிருந்தபடியே நடிக்க வேண்டும், பார்ப்பவர்களும் அவரவர் வராந்தாவில் இருந்தே பார்க்க வேண்டும் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் பக்கத்தில் நின்று நடிக்க வேண்டியவர்கள் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும் என்பதும் அவள் வைத்த விதி. ராஜா வேடத்துக்கு என் வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்தாள். மைக் இல்லாமலே அவர் குரல் மூன்றாம் மாடிவரை போகும். ஆகவே ராணி வேடம் வேறு வழியில்லாமல் எனக்கு வந்தது. தரைத்தளத்துச் சலூன்காரர் மந்திரி. மூன்றாம் மாடி அண்ணன் தம்பி இருவரும் வீரர்கள். எதிர் வரிசைத் தையல்காரம்மா எல்லோருக்கும் உடை தைத்து, கயிற்றில் கட்டி வாளியில் இறக்கி அனுப்பினார். என் பேத்தி மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி ஓரம் நின்று கைக்குட்டையை ஆட்டி எங்களை நடத்தினாள்.

3. கதையைச் சொல்லாவிட்டால் என் புகார் தங்களுக்கு விளங்காது. ஒரு ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. நாட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது, போட்டால் சிறை என்று சட்டம் போடுகிறார். கோவில் மணிக்குத் துணி சுற்றுகிறார்கள், சேவலின் வாயைக் கட்டுகிறார்கள், தொட்டில் பிள்ளையைக்கூட மெதுவாக அழச் சொல்கிறார்கள். நாடே அடங்கிப்போகிறது. அப்போது ராஜாவுக்கு இருமல் வருகிறது. நாட்டில் அந்த ஒரு சத்தம்தான் பாக்கி. வீரர்கள் வந்து “இருமியது யார்?” என்று கேட்க, ராணி ராஜாவைக் கைகாட்டி “இதோ நிற்கிறார், அழைத்துச் செல்லுங்கள்” என்று சொல்ல வேண்டும். ராஜா தன் சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதுதான் சிறை. கடைசிக் காட்சியில் சிறை ஜன்னலில் இருந்து ராஜா சட்டத்தை ரத்து செய்வார்.

4. இருமலுக்காக என் வீட்டுக்காரர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தினமும் மாலையில் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழகுவார். சாதா இருமல், குடும்ப இருமல், ராஜ இருமல் என்று வகை வைத்திருந்தார். “தாத்தா, இன்னும் கொஞ்சம் அடித்தொண்டையிலேர்ந்து வரணும்” என்று மொட்டைமாடியில் இருந்து பேத்தி கத்துவாள். தெருவுக்கு அந்தப்புறக் கட்டடத்தில் ஒரு கணக்காளர் இருக்கிறார். நாடகம் போடுவதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாளுக்கு நாள் இருமல் முற்றுவதைக் கேட்டுக் கேட்டு, மனசாட்சி பொறுக்காமல் தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டார். அவர்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. இருமல் எவ்வளவு தத்ரூபமாக இருந்தது என்பதற்கு அவரே சாட்சி.

5. நாடகம் அரங்கேறிய அன்று மாலை நடந்தது பின்வருமாறு. வராந்தா நிறைய ஜனம், எல்லோரும் முகக்கவசத்தோடு. ராஜா ராஜ இருமல் இருமினார். முற்றமே அதிர்ந்தது. வீரர்களாக நடித்த அண்ணனும் தம்பியும் வாயைத் திறப்பதற்குள், தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் எங்கள் படியேறி வந்து, “இங்க இருமினது யாருங்க?” என்று கேட்டார்கள்.

ஐயா, நான் வேறு என்ன செய்ய முடியும்? என்னுடைய வசனம் வந்துவிட்டது. நான் கையை நீட்டி, “இதோ நிற்கிறார், அழைத்துச் செல்லுங்கள்” என்றேன். மூன்று பக்கமும் கைதட்டல். சலூன்காரர் விசில் அடித்தார். வெள்ளை உடுப்பு பேத்தியின் ஏற்பாடு என்று அவர் நினைத்தார். சலூன்காரரின் ஏற்பாடு என்று பேத்தி நினைத்தாள். தையல்காரம்மா மட்டும், “எனக்குத் தெரியாம இவ்ளோ நல்ல டிரெஸ்ஸ யாரு தைச்சுக் குடுத்தது?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வந்தவர்கள் என் வீட்டுக்காரரிடம், “பெரியவரே, கொஞ்சம் எங்க கூட வர்றீங்களா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவர் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, “என் சட்டம் எனக்கும் உண்டு” என்று வசனத்தைச் சொல்லி ராஜநடை நடந்து படியிறங்கினார். “தாத்தா, கீழ இல்ல, உள்ள போங்க, உள்ள!” என்று பேத்தி கத்தியது கைதட்டலில் அவர் காதில் விழவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் தகரத்தைத் தட்டி, “போலாம், ரைட்” என்றார். வண்டி புறப்பட்டுவிட்டது. அது கேட்டைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் எங்கள் கைதட்டல் நின்றது.

6. அதன் பிறகு எங்கள் வீட்டில் அனைவருக்கும் சோதனை செய்தார்கள். யாருக்கும் தொற்று இல்லை. வாசலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் தாளையும் எடுத்துவிட்டார்கள். ராஜாவுக்கும் முதல் சோதனையில் இல்லை என்றே வந்தது. இரண்டாவது சோதனையும் வந்த பிறகுதான் விடுவார்கள் என்பது விதியாம். விதியை மாற்றும்படி நான் கேட்கவில்லை. அங்கே அவருக்குச் சாப்பாடு, மாத்திரை, படுக்கை எல்லாம் நன்றாகவே இருக்கிறது. சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்களை “உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு” என்று அவர் அதட்டுவதாகவும், எல்லோரும் இடைவெளி விட்டு ஒழுங்காக நிற்பதாகவும் அங்குள்ள நர்ஸம்மா போனில் சொன்னார். அவருக்குச் சம்பளம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

7. என் புகார்கள் பின்வருவன.

அ) அவருடைய கிரீடத்தைத் தங்கள் ஊழியர்கள் ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள். அது பிஸ்கட் டப்பா அட்டையில் ஜிகினாத் தாள் ஒட்டிச் செய்தது. மருந்து அடித்தால் ஜிகினா உரிந்துவிடும். வெயிலில் வைத்தால் போதும்.

ஆ) கூட்டம் கூட்டினோம் என்று எங்கள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு காக்கைகூட இல்லை. ஒருவரை ஒருவர் தொடாமல் ஒரு முழு நாடகம் போட்டதற்குத் தாங்கள் எங்களைப் பாராட்டியிருக்கலாம்.

இ) விசாரிக்க வந்த அதிகாரி என் பேத்தியிடம், “வெளையாட்டுக்கு இருமற காலமாம்மா இது?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் கேட்ட நாளில் இருந்து பேத்தி மொட்டைமாடிக்குப் போவதில்லை. “போதும் பாட்டி, என்னாலதான தாத்தா அங்க இருக்காரு. நாடகமும் வேணாம் ஒண்ணும் வேணாம்” என்று கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டாள். விளையாட்டுக்கு இருமியதில்தான், பல மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத எங்கள் ஜனம் வாய்விட்டுச் சிரித்தது என்பதை அந்த அதிகாரிக்குத் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

8. என் பேத்தி லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்தவள். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை காலை புறப்படுகிறாள். இந்த நேரத்தில் அந்த வேலைக்குத் தானாக விருப்பப்பட்டுப் போகிறாள் என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும். அவள் போவதற்குள் தாத்தா வெளியே வரமாட்டார். பாதியில் நின்ற நாடகத்தையும் தாத்தாவைப் பிடித்துக் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பையும் சுமந்துகொண்டு அவள் ஊர் போய்ச் சேரக் கூடாது. பிடித்துக் கொடுத்தவள் நான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வசனத்தைச் சரியான இடத்தில் சொன்னேன்.

9. இனி என் வேண்டுகோள். தங்கள் மையத்தின் மாடியில் பின்புறம் உள்ள ஜன்னல்கள் எங்கள் முற்றத்தை நேராகப் பார்க்கின்றன. அவற்றை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறார்கள். கடைசிக் காட்சியின் சிறைக்காக நாங்கள் பழைய போர்வையில் கரியால் கம்பி வரைந்து வைத்திருந்தோம். தங்கள் ஜன்னலில் நிஜக் கம்பியே இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் தாழ்ந்ததும், ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து அதில் ராஜாவைக் கிரீடத்தோடு நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். யாரும் எங்கும் போக வேண்டாம், வர வேண்டாம். ‘ப’வில் திறந்து கிடந்த பக்கமும் நிறைந்துவிடும். மற்ற ஜன்னல்களையும் திறந்தால் அங்கே படுத்திருப்பவர்களும் இலவசமாகப் பார்க்கலாம். கதைப்படி முடிவில் எல்லோரும் சத்தம் போட வேண்டும். நாங்கள் குக்கர், சைக்கிள் மணி, தையல் இயந்திரம் எல்லாம் தயாராக வைத்திருக்கிறோம். கணக்காளரிடமும் இம்முறை முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. அவரிடம் ஒரு ஊதல் இருக்கிறதாம்.

10. பேத்திக்கு இந்த மனுவைப் பற்றித் தெரியாது. ஆகவே பதில் கடிதம் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திறந்தால் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்வோம். அவளை மொட்டைமாடிக்கு ஏற்றும் பொறுப்பு என்னுடையது.

இதில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொண்டு, ஒரு ஜன்னல் அளவுக்கு மனம் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: இரண்டாம் மாடி வராந்தா
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் மையத்தில் உள்ள ராஜாவின் ராணி
(கையொப்பம்)

இணைப்பு: ராஜா கடைசி வசனத்தை ஒவ்வொரு ஒத்திகையிலும் மறந்துவிடுவார். பக்கத்தில் நின்று காதோடு எடுத்துக் கொடுப்பவள் நான். அன்று நான் பக்கத்தில் இருக்க முடியாது. ஆகவே நர்ஸம்மா தள்ளி நின்றே எடுத்துக் கொடுக்கத் தோதாகக் கீழே எழுதியிருக்கிறேன்:

“என் ஜனங்களே, சத்தம் போடுங்கள். சத்தம் கேட்டால்தானே நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.”