வளைகாப்புக்கு வந்து சேராத கப்பல்

கடல் வற்றாதிருக்க. கரை தேயாதிருக்க. போன கலங்கள் போன வழியே திரும்பி வருக.

சங்குமுனை நாட்டின் காவலியும், மூன்று துறைகளுக்கும் முப்பத்தாறு உப்பளங்களுக்கும் உடையவளும், இரட்டைச் சங்குக் கொடியை உயர்த்தியவளும், மறைந்த மாமன்னர் வேள்நம்பியின் பட்டத்தரசியாயிருந்து இன்று அவர் அரியணையிலேயே அமர்ந்திருப்பவளும் ஆகிய பூதலமாதேவி, தன் ஆட்சியின் பத்தொன்பதாம் ஆண்டு, புரட்டாசித் திங்கள் இருபத்தாறாம் நாள் விடுக்கும் ஓலை.

ஏழு தீவுத் திடல்களையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், பவளக்கரை வேந்தரும், வில் எடுக்காமலே பகைவர் கலங்களைத் திருப்பி அனுப்பியவரும், எம் ஒரே மகள் யாழ்நங்கையின் கணவரும் ஆகிய கொற்றங்கீரர் இதனைக் கண்டு நலம் பெறுக. தங்கள் அன்னையார் முழங்கால் வலி நீங்கி நெடிது வாழ்க. தங்கள் தென்னைகள் காயிலும், தங்கள் பரதவர் வலையிலும், தங்கள் அமைச்சர்கள் அறிவிலும் பெருகுக. இங்கு யாம் நலம். ஓலை என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்பதைத் தாங்களும் அறிவீர்கள்.

சென்ற ஆவணியில் எம் மகளின் வளைகாப்பு தங்கள் அரண்மனையில் நிகழ்ந்தபோது, தாய்வீட்டாருக்கு விரித்த பாய் வெறுமையாய்க் கிடந்தது என்று கேள்வியுற்றோம். அதைக் கண்ட தங்கள் அவையோர் இரண்டு முடிவுகளுக்கு வந்தனராம். இத்திருமணத்தை யாம் தொடக்கத்தில் விரும்பாதவளாதலால் வேண்டுமென்றே வரவில்லை என்பது ஒன்று. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போக வராத நாட்டின் கலம் எதுவும் இனித் தங்கள் துறையில் நுழையலாகாது என்பது மற்றொன்று. முதல் முடிவு பிழை. இரண்டாவதைப் பொறுத்தவரை, தங்கள் இடத்தில் இருந்திருந்தால் யாமும் அதைத்தான் செய்திருப்போம்.

அதன்பின் எம் மகளுக்கு யாம் எழுதிய மூன்று ஓலைகளும் கட்டு அவிழ்க்கப்படாமலே திரும்பி வந்தன. அது தங்கள் அவையின் செயலா, அவளுடைய செயலா என்று யாம் கேட்கப் போவதில்லை. அவள் யார் வயிற்றில் பிறந்தவள் என்பது எமக்குத் தெரியும். ஆதலால் நடந்ததைத் தங்களுக்கு எழுதுகிறோம். இது ஒரு கப்பலின் அடியில் பூசிய பூச்சைப் பற்றியது. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

என்றேனும் எம் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதற்கென்றே 'திரைவென்றாள்' என்னும் பாய்மரக் கப்பலைச் சென்ற மாசியில் கட்டி முடித்தோம். கடல்நீரில் நிற்கும் எந்தக் கப்பலின் அடியிலும் பாசி பிடிக்கும். பாசியைத் தொடர்ந்து கொட்டலசு என்னும் கூரிய சிப்பி வந்து ஒட்டும். அதைத் தொடர்ந்து மரம் தின்னும் புழு வரும். தீவை ஆளும் தங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எம் அவைக்குத்தான் தேவைப்பட்டது. எந்தப் பூச்சு நெடுநாள் நிற்கும் என்று ஆராய, அமைச்சர் தூமணியார் தலைமையில் பதினொருவர் கொண்ட அவை ஒன்றை அமைத்தோம். அப்பதினொருவருள் இலக்கணம் கற்றவர் நால்வர், சோதிடம் கற்றவர் மூவர், குதிரை இலக்கணம் அறிந்தவர் ஒருவர். ஏனைய மூவர் தூமணியாரின் உறவினர். கப்பலில் ஏறினால் வாந்தி எடுக்காதவர் எவரும் இல்லை.

அவை முன் மூன்று பூச்சுகள் வந்தன. முதலாவது எம் கப்பல் தச்சர்களின் தலைவன், ஓடாவி மாநாகன் கொணர்ந்தது. சுறா ஈரல் எண்ணெயைக் காய்ச்சி, குங்கிலியமும் சுண்ணாம்பும் சேர்த்து, செம்பின் பச்சைக் களிம்பை அரைத்துக் கலந்த கரும்பூச்சு. அதன் நாற்றத்தை எழுத்தில் சொல்ல, இதை எழுதும் எம் ஓலைநாயகத்துக்குச் சொல் கிடைக்கவில்லை. அது எத்தனை நாள் நிற்கும் என்று அவை வினவியதற்கு, ஓடுகிற கப்பலில் ஆறு மாதம் நிற்கும் என்றும், கட்டிப்போட்ட கப்பலில் எந்தப் பூச்சும் நிற்காது என்றும், ஆறு மாதம் கழித்துக் கரையேற்றிச் சுரண்டி மறுபடியும் பூசத்தான் வேண்டும் என்றும் அவன் விடை பகர்ந்தான். இரண்டாவது, அடி முழுவதும் செப்புத் தகடு வேய்வது. அது பல்லாண்டு நிற்கும். ஆனால் செம்பு தொட்ட இரும்பாணிகளைக் கடல்நீர் தின்றுவிடும் என்றும், ஆணி அத்தனையும் செம்பாக மாற்ற ஓராண்டு ஆகும் என்றும் கொல்லர் தெரிவித்தனர். கர்ப்பிணி ஓராண்டு காத்திருப்பாளா என்று அவை சோதிடரைக் கேட்டது. காத்திருக்க மாட்டாள் என்று அவர்கள் கணித்துச் சொன்னார்கள்.

மூன்றாவது, ஊர் ஊராய்த் திரியும் வணிகன் ஒருவன் கொணர்ந்த சந்தன மெழுகு. தேன்மெழுகும் அரக்கும் சிந்தூரமும் சந்தனமும் கலந்தது. நிறம் செவ்வாம்பல். மணம் கோயில் கருவறை. எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டபோது, அவன் கேட்டவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாண்டு என்றானாம். ஆறு மாதம் என்றவனைவிட மூன்றாண்டு என்றவன் ஆறு மடங்கு அறிந்தவன் என்று எம் அவை கணக்கிட்டது.

ஆயினும் எம் அவையோர் சோதனை செய்யாமல் முடிவெடுப்பவர் அல்லர். எஞ்சிய இரண்டு பூச்சுகளையும் இரண்டு பலகைகளில் பூசி நீரில் தொங்கவிட ஆணை பிறந்தது. துறைமுகத்தில் தொங்கவிட வேண்டும் என்று மாநாகன் மன்றாடினான். துறைமுகத்தில் கருவாடு நாறும் என்பதாலும், அவையோர் உடுத்தியது பட்டு என்பதாலும், பலகைகள் அரண்மனைத் தாமரைக்குளத்தில் தொங்கவிடப்பட்டன. நன்னீர்க் குளத்தில் கொட்டலசு எப்படி வரும் என்று மாநாகன் கேட்டதற்கு, நீர் எங்கும் நீரே என்று இலக்கணப் புலவர் ஒருவர் விளக்கம் அளித்தார். அது அன்றைய அவையில் மிகவும் பாராட்டப்பட்டது.

நாற்பது நாள் கழித்து அவையோர் குடை பிடித்துக்கொண்டு குளக்கரைக்குச் சென்றனர். சந்தன மெழுகுப் பலகையில் தவளைகள் குடும்பத்தோடு அமர்ந்திருந்தன; நத்தைகள் முட்டையிட்டிருந்தன. மாநாகனின் கரும்பலகையை ஓர் உயிரும் அண்டவில்லை. ஆகவே முன்னது உயிர்கள் விரும்பும் மங்கலப் பூச்சு என்றும், பின்னது உயிர்கள் வெறுக்கும் அமங்கலப் பூச்சு என்றும், தலைப்பிள்ளை சுமந்து வரும் இளவரசிக்கு முன்னதே உகந்தது என்றும் பதினொருவரும் ஒருமனதாய் எழுதிக் கையொப்பமிட்டனர். உயிர்கள் அண்டக்கூடாது என்பதற்காகத்தானே பூச்சு என்று மாநாகன் உரக்கக் கூறியது அவை மரபுக்கு ஒவ்வாதது என்பதால், கப்பல் துறையிலிருந்து அவன் விலக்கப்பட்டுத் தேர்ச்சக்கரம் செப்பனிட அனுப்பப்பட்டான்.

சித்திரையில் பூச்சு முடிந்தது. கப்பலின் அழகைக் காண மக்கள் வந்தனர். காண வந்தவர் பெருகப் பெருக, கப்பலை அசைக்க எவருக்கும் மனம் வரவில்லை. சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் ஆடியும் போயின. அது வரை திரைவென்றாள் ஒரு திரையையும் வெல்லாமல் துறையில் நின்று அனைவருடைய வாழ்த்தையும் பெற்றுக்கொண்டிருந்தாள்.

தங்கள் தீவுக்கு நான்கு நாள் பயணம். யாம் வளைகாப்புக்குப் பத்து நாள் முன்னதாகவே புறப்பட்டோம். பெட்டி பெட்டியாய் வளையலும், பதினெட்டு வகைச் சித்திரான்னத்துக்கு வேண்டிய பண்டமும், எம் மகள் கேட்டனுப்பிய புளிப்பு மாங்காய் ஊறுகாய் இரண்டு பரணியும் ஏற்றியிருந்தோம். காற்று நன்றாகவே வீசியது. பாய்கள் புடைத்து நின்றன. மூன்றாம் நாள் மாலையிலும் எம் நாட்டுக் கலங்கரை விளக்கம் எமக்குத் தெரிந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள், கட்டுமரத்தில் சென்ற முதிய பரதவர் ஒருவர் எம்மைக் கடந்து போனார். போனவர் திரும்பி வந்து, நங்கூரத்தைத் தூக்க மறந்துவிட்டீர்களா என்று பணிவோடு கேட்டார். எட்டாம் நாள் குடிநீர் பாதியாயிற்று. பாதி வழிகூடக் கடக்கவில்லை. திரும்பாவிட்டால் அறுபது பேர் தாகத்தில் சாவார்கள் என்று மாலுமி கைகூப்பிச் சொன்னபோது, திரும்பு என்ற சொல்லை யாமே சொன்னோம்.

கப்பலைக் கரையேற்றிப் பார்த்தோம். சந்தனமும் இல்லை, மெழுகும் இல்லை. பாசி ஒரு முழ நீளத்துக்குத் தாடி விட்டிருந்தது. அதற்குள் கொட்டலசுகள் மூலைக்கு மூலை ஊர் அமைத்து வாழ்ந்தன. எம் நாட்டில் குடியேற இசைவு கேளாமலும் வரி செலுத்தாமலும் இத்தனை குடிகள் இருந்ததை யாம் அன்றுதான் அறிந்தோம். ஒட்டியிருந்த சிப்பிகளைக் கறி சமைத்து உண்ட மாலுமிகள், சந்தன மணம் சற்றே இருந்தது என்றனர். வணிகனைத் தேடியபோது அவன் வேறொரு நாட்டில் மூன்றாண்டு உறுதி அளித்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. பூச்சில் குறையில்லை, கடலில்தான் குறை என்று தூமணியார் அவைக்கு அறிக்கை அளித்தார். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். அவர் இப்போது நாள்தோறும் இடுப்பளவு நீரில் நின்று துறைமுகப் படிகளில் பாசி சுரண்டுகிறார். பட்டு வேண்டாம் என்று அவராகவே சொல்லிவிட்டார்.

அவையோரை ஏசி இவ்வோலையை இங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கச் சொல்லித்தான் அருகிலிருப்போர் எம்மிடம் அறிவுரையும் கூறினர். ஆனால் அவையின் முடிவு எம்மிடம் வந்தபோது, மாநாகன் அரண்மனை வாயிலில் அரைநாள் நின்று எம்மைக் கண்டான். அவன் சொன்னது அனைத்தும் எமக்குப் புரிந்தது. யாம் உப்பளம் உடையவள். உப்புநீர் செய்யும் வேலை எமக்குத் தெரியாததல்ல. அவன் போனபின், கருத்த அடியும் சுறா நாற்றமுமாகச் சம்பந்தி வீட்டுத் துறையில் போய் நிற்பதா என்று ஒரே ஓர் எண்ணம்தான் எம் மனத்தில் எழுந்தது. தங்கள் அன்னையார் மூக்கை மூடிக்கொண்டு எம்மை வரவேற்பது கண்முன் தெரிந்தது. ஆகவே சந்தன மெழுகு என்று முத்திரை வைத்தோம். பதினொருவர் அறியாமல் பிழை செய்தனர். யாம் அறிந்தே செய்தோம். இதை எழுத எமக்கு வெட்கமாக இருக்கிறது.

மாநாகனைத் தேர்ச்சாலையிலிருந்து அழைத்து வர யாமே சென்றோம். மன்னிக்க வேண்டும் என்று சொல்லும் பழக்கம் எமக்கு இல்லாமையால், சக்கரங்கள் நலமா என்று கேட்டோம். சக்கரங்களில் பாசி பிடிக்கவில்லை என்று அவன் கூறினான். அந்த விடைக்கு வேறொரு நாளில் அவன் சிறை கண்டிருப்பான். இப்போது கப்பலின் அடியைச் சுரண்டி, பனையோலைத் தீயால் வாட்டி, கரும்பூச்சுப் பூசிக்கொண்டிருக்கிறான். இரண்டு பூச்சுப் போதாதா என்று கேட்டோம். மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் காய வேண்டும் என்றான். அதன்படியே நடக்கிறது. நாளை மறுநாள் கப்பல் நீரில் இறங்கும். இறங்கிய நாழிகையிலேயே புறப்படும். எவரும் வந்து அழகு பார்க்க விடமாட்டோம். விரைந்து செல்லும் தங்கள் நாட்டுப் பரதவர் படகொன்றில் இவ்வோலையை முன்னே அனுப்புகிறோம்.

ஐப்பசி நடுவில் பேறு என்று தங்கள் மருத்துவச்சி கணித்ததாகத் தெரிகிறது. இனி அவளைக் கடல் ஏற்றி அழைத்து வர இயலாது. மகளின் பேறுகாலத்துக்குத் தாய் சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவது எம் குலத்தில் இதுவரை நடந்ததில்லை. நடக்கட்டும். ஆகவே வேந்தரே, யாம் வேண்டுவது இதுவே: தங்கள் துறையின் தடையை ஒரு கலத்துக்கு மட்டும் நீக்குக. சங்குமுனைக் கொடியை நுழையவிடுவது தங்கள் அவைக்கு இழுக்கானால், கொடியை இறக்கிவிட்டு வருகிறோம். அரசியை நுழையவிடுவது இழுக்கானால், பிள்ளைப்பேறு பார்க்க வந்த ஒரு கிழவி என்று துறைக்கணக்கில் எழுதிக்கொள்க. கப்பல் நாறும். தங்கள் அன்னையாரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறோம்.

இவ்வோலையைத் தங்கள் அவையில் முழுவதுமாகப் படிக்கச் செய்க. தவளைகளையும் விடாமல் படிக்கச் செய்க. படித்து முடித்தபின், கீழே எழுதியிருப்பதை அவையில் படிக்காமல், எம் மகள் இருக்குமிடம் சென்று தாங்களே அவளுக்குப் படித்துக் காட்டுக. அவள் காதைப் பொத்திக்கொண்டாலும் படித்து முடிக்கும் வரை எழ வேண்டாம். இது ஒரு நாட்டரசி மற்றொரு நாட்டரசருக்கு விடுக்கும் வேண்டுகோள் அன்று. மாமியார் மருமகப்பிள்ளைக்கு இடும் ஆணை.

கடல் சான்று, கரை சான்று. அரசியார் சொல்லச் சொல்ல ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன், ஓலைநாயகம் அரும்பாக்கிழான். இரட்டைச் சங்கு முத்திரை இடப்பட்டது.

யாழு, முத்திரைக்குக் கீழே எழுதுவது முறையல்ல என்று ஓலைநாயகம் எழுத்தாணியைத் தர மறுத்தார். அவருக்குப் பெண் பிள்ளை இல்லை. பிடுங்கி நானே எழுதுகிறேன். நான் வரவில்லை என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய். உன் மாமியார் முன்னால் அழகாக வந்து நிற்க ஆசைப்பட்டேன், அதனால் உன்னிடம் வந்து சேரவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. நாளை மறுநாள் கிளம்பிவிடுவேன். வலி எடுத்தால் எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்காதே, பெற்றுவிடு. கதவை மட்டும் தாழ் போடச் சொல்லாதே.