வற்றிய கிணற்றின் அடியில்

தம்பி எர்மெஸ்,

இத்தாலியின் 'போ' ஆற்றங்கரையில் நாங்கள் தோண்டும் மூவாயிரம் ஆண்டுப் பழைய ஊரில், ஒரு கிணற்றின் அடியை நேற்று எட்டினோம். மழை குறையக் குறைய அதை மூன்று முறை ஆழமாக்கியிருக்கிறார்கள் என்பது முன்பே தெரிந்ததுதான். இதைச் சொல்லித்தான் அன்று நீ ஜெர்மனிக்குப் போவதைத் தடுக்கப் பார்த்தேன்: "அவங்க இன்னும் ஆழமா வெட்டுனாங்கடா, ஓடிப்போகல."

அடியில் வறண்ட மணல். அதன்மேல் உடையாத பானைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே யாரும் வாழ்ந்த தடயம் இல்லை.

வறட்சியில் நம் பண்ணை மாடுகளை விற்ற அன்று நீ பால் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாய்.

"ஓடிப்போறவனுக்கு எதுக்குடா இந்தச் சுத்தம்?"

"அப்படியே போட்டுட்டுப் போக மனசு வரலக்கா," என்றாய். அதோடு நம் பேச்சு நின்றுவிட்டது.

இன்று கேன்களின் தூசியைக் கழுவினேன். நீ வைத்த வரிசையிலேயே கவிழ்த்திருக்கிறேன்.

உன் அக்கா