ஏழு கல்லூரிகளும் ஒரு சிவப்புப் பேனாவும்

மார்ச் 3, திங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். போன மூன்று கடிதத்துக்கும் பதில் வராததால், நீங்களும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். போன் வேண்டாம், குரல் கேட்டால் தாங்காது என்று நீங்கள் சொன்னதால்தான் இந்தக் காலத்திலும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தபால் நிலையத்து அக்கா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியப் போகிறது. எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறோம் என்று மார்ச் 28, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பள்ளி அலுவலகத்தில் சொல்ல வேண்டும். ஏழு பெயர் வரை கொடுக்கலாம். கொடுத்த பிறகு மாற்ற முடியாது. அப்பா ஒரே ஒரு பெயர் சொல்லியிருக்கிறார்: அவருடைய டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரில் இருக்கிற கல்லூரி. "நடந்தே போயிட்டு வந்துடலாம்ல?" என்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அல்லவா, பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

எனக்கு இயற்பியல் படிக்க ஆசை. நானே ஒரு பட்டியல் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பாதிக் கல்லூரிகளின் கையேடு உங்கள் அச்சகத்தில்தான் அச்சாகிறது. பிழை திருத்துகிற நீங்கள் எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்திருப்பீர்கள். பார்த்துச் சொல்லுங்கள். பதிலை வழக்கம்போல என் தோழி வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். அப்பா கையில் கிடைத்தால் இரண்டு நாள் வீட்டில் அடுப்பு எரியாது.

அன்புடன்,
உங்கள் மகள்


மார்ச் 8, சனி

என் வாலுப்பெண்ணுக்கு,

பதில் போடாதது என் தப்பு. அதற்குக் காரணம் சொன்னால் அது இன்னொரு தப்பு.

பழக்கதோஷம், உன் கடிதத்தைச் சிவப்புப் பேனாவோடுதான் படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் பக்கம் முழுக்க 'நீங்கள்' 'நீங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறாய். நான் எப்போதிலிருந்து உனக்கு 'நீங்கள்' ஆனேன்?

பட்டியலுக்கு வருகிறேன். உன் முதல் கல்லூரி கையேட்டில் இருக்கும் ஆய்வகப் படமும் ஐந்தாவது கல்லூரியின் ஆய்வகப் படமும் ஒன்றுதான். இரண்டிலும் அதே வழுக்கைத் தலைக்காரர் அதே குடுவையைத் தூக்கிப் பார்க்கிறார். இரண்டாவது கல்லூரிக்காரர்கள் 'வளாகத்தில் பல் மருத்துவர் உண்டு' என்பதில் புள்ளியை விட்டு 'பல மருத்துவர் உண்டு' என்று அனுப்பினார்கள். சுட்டிக்காட்டினால், "நல்லாத்தான இருக்கு, அப்படியே இருக்கட்டும்" என்கிறார்கள். மூன்றாவதில் நூலகத்துக்கு ஒரு வரி, கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு பக்கம். மற்றதெல்லாம் சொல்லவே வேண்டாம்.

ஏழும் உனக்குச் சரிப்படாது. இங்கிருந்து இரண்டு நாள் ரயில் தூரத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் கையேட்டில் படமே கிடையாது, வெறும் பாடத்திட்டம்தான். இயற்பியலுக்கு அதுதான் இடம். அதை எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு,
அம்மா


மார்ச் 12, புதன்

அம்மா,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். கோபத்தில் அதுதான் வருகிறது.

ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பக்கத்து மேஜையிலிருந்தே கண்டுபிடிக்கிறவள் நீ. என் பட்டியலில் மூன்று கல்லூரியில் இயற்பியலே கிடையாது. அதில் ஒன்று ஓட்டல் நடத்தச் சொல்லிக்கொடுக்கிற கல்லூரி. அது உன் கண்ணில் படவில்லையா? பட்டிருக்கும். ஏழும் உன் ஊரில் இருக்கின்றன என்பதும் பட்டிருக்கும். வரைபடத்தில் உன் அச்சகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் விழுந்ததை எல்லாம் எழுதினேன்.

நாலு வருஷம் முன்னால் பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டு என்ன சொன்னாய்? "ஒரு ரூம் பார்த்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன், ஒரு மாசம் பொறுத்துக்கோ." அன்றைக்கே என் துணிகளை ஒரு பையில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதிலிருக்கும் ஒரு சட்டைகூட இப்போது எனக்குப் பத்தாது.

அப்பா மோசமானவர் இல்லை. அடிப்பதில்லை, திட்டுவதில்லை. பேசுவதே இல்லை. பள்ளி விட்டு வந்தால் மறுநாள் பள்ளிக்குப் போகும்வரை வாயைத் திறக்காத நாட்கள் உண்டு. ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு மூச்சு முட்டுகிறது அம்மா. எனக்கு நீ வேண்டும். இதைவிட நேராக எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் மகள்


மார்ச் 17, திங்கள்

கண்ணே,

உன் கடிதத்தில் திருத்த ஒன்றுமில்லை. அத்தனையும் சரி.

நான் இருப்பது ஒரு பெண்கள் விடுதி. அறைக்கு நாலு கட்டில், என்னுடையது கதவோரம். குடும்பம் இல்லாதவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். சேர்ந்த அன்று பதிவேட்டில் 'குழந்தைகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். ஒரு மாசத்துக்குத்தானே என்று நினைத்தேன். அப்புறம் அறைத்தோழிகள் கேட்டார்கள், அவர்களிடமும் இல்லை என்றேன். அச்சகத்தில் கேட்டார்கள், அங்கேயும் அதேதான். ஊரார் தப்பையெல்லாம் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள், அந்த ஒரு சொல்லை நாலு வருஷமாகத் திருத்தவில்லை. உன் கடிதங்களைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் படிக்கிறேன்.

நீ வந்து நின்றால் இந்தக் கட்டில் போய்விடும். அது போகட்டும். "பெத்த பொண்ணையே இல்லைன்னு சொல்லிருக்கா பாரு" என்று நாலு பேர் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்களே, அதை என்னால் பார்க்க முடியாது. எனக்குத் தைரியம் இல்லை. வராதே. அந்தத் தூரத்துக் கல்லூரியையே எழுது, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கையெழுத்துப் போடவே கூசுகிறது. வேறென்ன போடுவது.
அம்மா


மார்ச் 21, வெள்ளி

அம்மா,

அழுது முடித்துவிட்டு யோசித்தேன்.

உன் விடுதிப் பக்கம் நான் வரவே மாட்டேன். கல்லூரி விடுதியில் இருந்துகொள்கிறேன். வாரம் ஒருமுறை, நீ வேலை முடிந்து வரும்போது அச்சகத்துக்கு எதிரில் நிற்கிறேன். யாராவது கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல். எல்லார் எதிரிலும் உன்னைச் சித்தி என்றே கூப்பிடுகிறேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. இருபது தடவை சொன்னதும் வாய்க்குப் பழகிவிட்டது.

அதே பட்டியலை மறுபடி எழுதி வைத்திருக்கிறேன். கடிதம்கூட வேண்டாம். வேண்டாத பெயரை அடித்துவிட்டு, சரியென்கிற பெயரை விட்டு அனுப்பு. ஒன்றை விட்டாலும் போதும், அது ஓட்டல் கல்லூரியாக இருந்தாலும் பரவாயில்லை. ஏழையும் அடித்திருந்தால் புரிந்துகொள்வேன். அப்பா சொன்னதையே கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். வெள்ளிக்கிழமை நாலு மணி. மறந்துவிடாதே.

உன் மகள், வெளியில் உன் அக்கா மகள்


மார்ச் 28, வெள்ளி

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் உறை இன்று மூன்றரை மணிக்குக் கிடைத்தது. தோழி தன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கே ஓடி வந்தாள். அலுவலக ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றபடியே பிரித்தேன். கடிதம் இல்லை, பட்டியல் மட்டும் இருந்தது. ஏழு பெயரின் மேலும் ஏழு சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தது. நான் கேட்டபடியே செய்திருக்கிறீர்கள். கோட்டைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. மடித்துக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டேன்.

ஜன்னலில் இருந்தவர், "சீக்கிரம் சொல்லும்மா, எந்தெந்த காலேஜ்?" என்றார். அப்பா சொன்ன பெயரைச் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சார்."

கையெழுத்தும் போட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் இருந்த பையைப் பிரித்தேன். சட்டைகளை அப்பாவிடம் கார் துடைக்கக் கொடுத்துவிட்டேன். இனி எழுத மாட்டேன். உங்களிடமிருந்து ஏதாவது வந்தால் வாங்க வேண்டாம் என்று தோழியிடமும் சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தூரத்துச் சொந்தம்


மார்ச் 28, வெள்ளி

என் மகளுக்கு,

மணி நாலேகால். இந்நேரம் கொடுத்து முடித்திருப்பாய். இனி நிதானமாக எழுதலாம்.

செவ்வாயன்று உன் பட்டியல் வந்ததும், மேஜையிலேயே வைத்து ஏழையும் அடித்தேன். வெறும் கையால் கோடு விழவில்லை, அதனால் ஸ்கேல் வைத்து அடித்தேன். அடித்துவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கண்ணாடி முன்னால் நின்று இருபது தடவை சித்தி, சித்தி என்று. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஏழு பெயருக்கும் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தேன். அதற்குள் தபால்பெட்டியைத் திறக்க ஆள் வந்துவிட்டார். கடிதம் எழுத நேரமில்லை, உனக்குத்தான் தெரியுமே என்று அப்படியே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆறு வயதில் என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, "கோடு போட்டு அடிச்சிட்டு, கீழ எதுக்கும்மா புள்ளி வைக்கிற?" என்று கேட்டாயே. அடித்தது என் தப்பு, அடித்த சொல் அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம் என்றேன். அன்று வீட்டில் ஒரு சாமான் பாக்கியில்லாமல் புள்ளி வைத்தாய், அப்பாவின் சட்டை உட்பட.

செவ்வாய் மாலையே விடுதிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். 'இல்லை' என்பதை அடித்து, 'ஒரு மகள்' என்று எழுதினேன். காலி செய்யச் சொன்னார்கள். அறைத்தோழிகள் மூன்று பேரும், "எங்ககிட்டகூட சொல்லலையேடி" என்று திட்டித் தீர்த்துவிட்டு, சாமான் தூக்க அவர்களே வந்தார்கள். அச்சகத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறை. நேற்றுதான் வந்தேன். இரண்டு கட்டில் போட்டிருக்கிறேன். ஜன்னலோரம் உனக்கு.

சித்தி என்று பழகிய வாயைச் சீக்கிரம் மாற்றிக்கொள். இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எந்தக் கல்லூரியை முதலில் கொடுத்தாய்? பதிலை எழுதிக்கொண்டிருக்காதே. கடிதம் கையில் கிடைத்ததும் போன் செய். இனி தாங்கும்.

அம்மா