கோல்ப் ஆடப்போன அரை நிஜார்

ஞாயிறு, 4 மார்ச் 1951. இராயபுரம்.

எங்கள் கப்பல் கம்பெனி துரை இன்று கோல்ப் ஆடக் கூப்பிட்டிருந்தார். என் கால்சட்டையெல்லாம் குனிந்தால் தொடையைப் பிடிக்கும். அதனால் தொளதொளவென்று ஒரு காக்கி அரை நிஜார் தைத்துக்கொண்டேன். அதோடு தெருவில் இறங்கியதும் கூச்சம் பிடுங்கித் தின்றது.

எதிர்வீட்டு மீன்காரி அஞ்சலை, "இன்னா நைனா, இஸ்கோலுக்குப் போய்கினு கீறியா?" என்றாள். தெருவே சிரித்தது. திரும்பி வந்து வேட்டி கட்டிக்கொள்ளலாமா என்று நின்றேன்.

"நல்லாத்தான் கீது, போய்ட்டு வாங்க" என்றாள் என் மனைவி சரோஜா, வாசலிலிருந்து.

மைதானத்தில் காலை அகட்டி நின்று மட்டையை வீசினேன். எங்கேயும் இழுக்கவில்லை. பந்து நேராகப் பறந்தது. துரை கை தட்டினார். நாளைக்கு ஆபீசில் மற்றவர்கள் என்ன பேசுவார்களோ.

முட்டி இரண்டும் வெயிலில் எரிகின்றன. சரோஜா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சிரிக்கிறாள். எழுத விடமாட்டேன் என்கிறாள்.