கனடா சுற்றி வந்த பூசை நேரம்

பாதர்மார் தங்கும் அறைவீட்டின் முன்னறையில் பங்குச்சபைக்கென்று ஒரு மேசை இருக்கிறதல்லவா, அதன் லாச்சியை இன்று பின்னேரம் இழுத்தேன். கராம்பு வாசம் குப்பென்று வந்தது. பல்லுக்கொதிக்கென்று நீ வாங்கி வைத்து, கொதி போன பிறகும் விடாமல் மென்றுகொண்டிருந்த கராம்பு. மூலையில் கொஞ்சம் உதிர்ந்து கிடக்கிறது. கூட்டித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. லாச்சியை மூடாமலே விட்டுவிட்டு, கடற்காற்று யன்னல் சீலையை ஊதி ஊதி விடுவதைப் பார்த்தபடி சும்மா இருந்தேன். வெளியே செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டிருந்தால், நீதான் வருகிறாய் என்று நிமிர்ந்தும் பார்த்திருக்க மாட்டேன். அவ்வளவு பழக்கம்.

சனிக்கிழமைதான், வேறென்ன? மெயில் அனுப்பும் நாள்.

இந்த மெயில் கதையைத் தொடங்கியவள் நீ. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து கோயிலுக்குக் கூரையும் போட்ட பிறகு பார்த்தால், வாங்கில் பாதி வெறுமையாகக் கிடந்தது. கரையில் இருக்கிற எங்களைவிட, கனடா, பிரான்ஸ், நோர்வே என்று போய்விட்ட எங்கள் ஆட்கள்தான் அதிகம். நீ டவுனில் கொமினிக்கேசன் கடை வைத்திருந்தவள், போட்டோக்கொப்பி அடித்து, போனுக்குக் காசு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஒரு முகவரிக்கு எழுதினால் அதில் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய் விழும் வழி ஒன்று இருப்பதை அங்கேதான் கண்டுபிடித்தாய். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்காக இருந்து தமிழ் தட்டப் பழகினவள். "எடி, நான் சொல்லச் சொல்ல நீ தட்டு. ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள், இனி ஒரே மேசையில இருந்து பங்கை நடத்துவம்" என்றாய். பங்கை நடத்தும் மூஞ்சியைப் பார் என்று நானும் சொன்னேன். ஆனாலும் வந்து குந்தினேன்.

முதல் மாதம் நடந்த கூத்து உனக்கு மறந்திருக்காது. நாங்கள் போட்ட பூசை அறிவித்தலுக்கு லண்டனில் ஒருவர் "ஆமென்" என்று பதில் எழுதினார். அது எல்லோருக்கும் போனது. அதைக் கண்டு சுவிஸ்காரர் ஆமென். அவரைக் கண்டு கனடாக்காரர்கள் குடும்பம் குடும்பமாக ஆமென். கொம்பியூட்டரைத் திறந்தால் ஆமெனைத் தவிர ஒன்றும் இல்லை. அதோடு விட்டதா? பிரான்சில் இருந்த ஒருவர், தம்பிக்கு மட்டும் எழுதுவதாக நினைத்து, ஊரில் வேலியைத் தள்ளிப் போட்ட கதையை முழுப்பங்குக்கும் எழுதிவிட்டார். தம்பி சும்மா இருப்பாரா? அவரும் முழுப்பங்குக்கும் கேட்கத் திருப்பிக் கொடுத்தார். அப்போதிருந்த வயதான பாதர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மூடுங்கோ பிள்ளையள் இதை. பாவசங்கீர்த்தனத்தில நான் கேக்கிறதெல்லாம் மெயிலில வருகுது."

"மூடத் தேவையில்லைப் பாதர். அவை வாசிக்கலாம், நாங்கள் மட்டும்தான் எழுதலாம் எண்டு மாத்திவிடலாம்" என்றாய் நீ. மாற்றியும் விட்டாய். அதோடு ஆமென்களும் வேலிச் சண்டையும் நின்றன.

ஆனால் வேறொன்று தொடங்கியது. பதில் எழுத வழியில்லாமல் போனதும், வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊரில் தங்கள் வீட்டுக்குப் போன் எடுக்கத் தொடங்கினார்கள். அதை முதலில் மேரியக்காவிடம்தான் கண்டோம். அவவுடைய வேலியும் கோயில் வேலியும் ஒன்று. மணி அடித்தால் அவவுடைய குசினியில் சட்டிபானை கிடந்து ஆடும். ஒரு சனிக்கிழமை பின்னேரம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைவீட்டு வாசலுக்கு வந்தா.

"எடி பிள்ளையள், நாளைக்குப் பூசை ஏழு மணிக்காமெல்லே? மகன் இப்பதான் கனடாவில இருந்து எடுத்துச் சொன்னவன்."

அவ போன பிறகு வயிறு நோகச் சிரித்தோம். எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற வீட்டுக்குப் பூசை நேரம் கனடா சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீ பாதியில் நிறுத்திவிட்டாய்.

"அவன் இதுக்கு முந்தி எப்ப எடுத்தவன், தெரியுமே? மார்கழியில, நத்தாருக்கு. அதுக்கு முந்தி எங்கட பெருநாளுக்கு."

"அதுக்கு?"

"பிள்ளையளுக்குப் பாசம் இல்லாமலில்லையடி. எடுத்தா என்னத்தச் சொல்லித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை. தொடங்க ஒரு கதை கிடைச்சா மிச்சம் தன்ர பாட்டில வரும்."

அன்றிலிருந்து நீ சனிக்கிழமை என்றால் வேறு ஆள். எங்கள் பாதருக்குக் கரையோரம் நாலைந்து கோயில், அதனால் எங்களுக்கு ஒரு ஞாயிறு ஆறு மணி, மறு ஞாயிறு ஏழு, அடுத்தது ஆறரை. முன்பு இதைப் புறுபுறுத்துக்கொண்டிருந்தவள், இப்போது நேரம் மாறாத கிழமை வந்தால் முகத்தைத் தொங்கப்போட்டாய். கனடாவில் விடியும் நேரம் பார்த்து, நோர்வேயில் மத்தியானச் சாப்பாடு முடியும் நேரம் பார்த்து, இங்கே பின்னேரம் அனுப்பச் சொன்னாய். சனி பின்னேரம் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை, ஞாயிறு கட்டாயம் பூசை காணவேண்டிய கடன் திருநாள், ஆகவே எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். வட்ஸ்அப்பில் போடுவோம், சுகமாக இருக்கும் என்று நான் சொன்னபோது எப்படிப் பாய்ந்தாய்! "உதில போட்டா பெருவிரலைக் காட்டிப்போட்டுப் போயிடுவினம். போடி!"

உன் மகள் றெஜினாவும் நோர்வேயிலிருந்து எடுப்பாள். மெயிலைப் போடுவது தாய்தான் என்று தெரிந்துகொண்டே பூசை நேரம் சொல்வாள். நீயும் கேட்டுக்கொண்டிருப்பாய். உன் வீட்டுக்காரர் காலமான பிறகு அவளோடு கதைக்க அந்தச் சனிக்கிழமைதான் உனக்கிருந்தது. கதைத்து முடித்ததும் ஒழுங்கையால் நேரே என் வீட்டுக்கு வந்து, அவள் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாய். அங்கே பனி கொட்டுகிறது, பேரன் நடக்கப் பழகுகிறான், அவன் தமிழில் முதலில் சொன்ன சொல் "வேண்டாம்". நான் கலியாணம் கட்டாதவள், எனக்கு எடுக்க யாருமில்லை. ஊர் முழுக்கப் போன் அடிக்கும் நேரத்தில் என் வீடு மட்டும் பேசாமல் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றி நீ ஒருநாளும் வாய் திறக்கவில்லை, வந்து தேத்தண்ணி கேட்டாய், அவ்வளவுதான்.

பிறகு புதுப் பாதர் வந்தார். இளம் ஆள், ஒழுங்கான ஆள், கெட்டித்தனமும் இருந்தது. பங்குச்சபைக் கூட்டத்தில் எழும்பி, இனி மற்றக் கோயில்களைப் பார்க்க இன்னொருவர் வருகிறார், ஆகவே எங்கள் பூசை எல்லா ஞாயிறும் ஆறரைக்குத்தான் என்றார். ஏதும் அவசரம் என்றால் கரையிலுள்ள போன்களுக்கு நேரே செய்தி அனுப்பலாம், வெளிநாடு சுற்றி வரத் தேவையில்லை என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மேரியக்காகூடத் தட்டினா. நீ எழும்பினாய்.

"மாரி காலத்தில ஆறரைக்கு இருட்டெல்லே பாதர்."

"அப்ப ஏழு மணி எண்டு வைப்பம் அக்கா, வருசம் முழுக்க."

"ஏழு மணிக்கு வெயில் ஏறீடும்."

பாதர் முழித்தார். ஆட்கள் சிரித்தார்கள். உனக்கென்ன பிடித்ததென்று யாருக்கும் விளங்கவில்லை, எனக்கு மட்டும்தான் விளங்கியது. மேரியக்கா முன் வாங்கில் இருக்க, "உங்கட மகன் சும்மா எடுக்கமாட்டான்" என்று சபையில் எப்படிச் சொல்வாய்? அத்தனை தாய்மாரும் அங்கே இருந்தார்கள். நீ திரும்ப வாங்கில் குந்திவிட்டாய்.

அடுத்த சனிக்கிழமை, கடைசியாக ஒருக்கா என்று பாதரிடம் கேட்டு, பழைய முறைப்படி பூசை ஏழு மணிக்கு என்று என்னை மெயில் போட வைத்தாய். பொழுதுபடப் போகும் நேரம், "பாதர், கரைப்பக்கம் ஒரு நடை நடந்திட்டு வருவம் வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனாய். நானும் பின்னால் வந்தேன்.

அந்தப் பின்னேரத்தை நான் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறேன். காற்று விழுந்திருந்தது. மணலில் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. கடல் வெளிறி, எங்கே முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியாமல் இருந்தது. ஒழுங்கைக்குள் இறங்கினோம். முதல் வீட்டில் போன் அடித்தது. அடுத்த வீட்டில் ஒரு பெடியனின் குரல், தூரத்துக் குரல், "அம்மா, நாளைக்கு ஏழுக்காம்" என்றது. வேலிக்கு அங்கால் ஒரு பெண்பிள்ளை சிரித்தது. இன்னொரு முற்றத்தில் கிழவர் ஒருவர் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "பாப்பா, அங்க இப்ப விடிஞ்சிட்டுதோ?" என்றார். நாங்கள் நடக்க நடக்கக் குரல்கள் எங்களோடு கூட வந்தன. ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கு வந்து, விளக்குக் கொளுத்த முந்திக் கதைத்துக்கொண்டிருப்பது போல எனக்கு இருந்தது. மேரியக்கா படலைக்குள் நின்று, எங்களைக் காணாமல், "சளிக்கு மஞ்சள் போட்டுப் பால் குடியடா ராசா" என்றா. பூசைக் கதை முடிந்து அவ எங்கேயோ போயிருந்தா.

பாதர் நின்றார்.

"எல்லாரும் இப்ப ஒரே நேரத்தில கதைக்கினம்?"

"மெயில் போட்டு அரை மணித்தியாலம்தானே பாதர்" என்றாய். "நேரம் மாறாட்டி இவையில ஒருத்தருக்கும் எடுக்கக் காரணமில்லை. கூட்டத்தில எப்பிடிச் சொல்லுறது?"

அவர் கோயிலடிக்குத் திரும்பி வந்த பிறகு, "அடுத்த ஞாயிறு ஏழேகால் எண்டு போடுங்கோ அக்கா" என்றார்.

"அதுக்கடுத்த ஞாயிறு?"

"அதை அப்ப பாப்பம்."

நீ அன்றைக்கு ஒழுங்கையில் பாவாடைச் சட்டை போட்ட காலத்து நடை நடந்தாய்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. ஆசுப்பத்திரியில் கட்டிலோடு கிடந்தபோதும், பார்க்க வந்த என்னைச் சனிக்கிழமை என்றால் இருக்க விடமாட்டாய். "என்னைப் பாத்தது காணும். போய் மெயிலைப் போடடி, சனங்கள் பாத்துக்கொண்டிருக்குங்கள்." நீ போன செய்தியையும் நான்தான் தட்டினேன். அன்று சனிக்கிழமை இல்லை, ஆனாலும் கரை முழுக்கப் போன் அடித்தது. றெஜினா வந்து, உன்னை அடக்கம் செய்து, அழுது வீங்கின முகத்தோடு திரும்பிப் போனாள். இனி அவளுக்கு இந்தக் கரையில் யார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு யார் என்றும் நினைத்தேன். சனிக்கிழமைகளில் மெயிலைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், தேத்தண்ணியை ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு இருந்தேன். ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் கதை கேட்டது. உன்னில் எனக்குக் கோபம்கூட வந்தது.

போன சனிக்கிழமை என் போன் அடித்தது.

"அன்ரி, நான் றெஜினா. நாளைக்குப் பூசை ஏழு மணிக்காம். மெயில் வந்தது."

அதை அனுப்பியவள் நான் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

"நல்லகாலம் சொன்னாய் பிள்ளை. நான் ஆறு மணிக்கெல்லோ வெளிக்கிட இருந்தனான்."

பிறகு அவள் கேட்டாள்.

"முழங்கால் நோ இப்ப எப்பிடி அன்ரி?"

"என்ர முழங்கால் கதை உனக்கு ஆர் சொன்னது?"

"அம்மாதான். சனிக்கிழமை எடுத்தா பாதி நேரம் உங்கட கதைதானே."

அடி கள்ளி! அவள் கதையை எனக்குக் கொண்டுவந்து தந்தாய் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். என் கதையை அவளுக்குக் கொடுத்ததை ஒரு சொல் சொன்னாயா? நான் அழுதேன். அவளும் அழுதாள். பிறகு பேரன் போனைப் பறித்து "வேண்டாம்" என்றான், இருவரும் சிரித்துவிட்டோம். தேத்தண்ணி ஆறிப்போனது, இருட்டியும் விட்டது, நாங்கள் கதைத்துக்கொண்டே இருந்தோம்.

இப்போது பாதர் உள்ளேயிருந்து வரும் சத்தம் கேட்கிறது. நாளைக்கு எத்தனை மணி என்று கேட்கப் போகிறேன். போன கிழமை போலவே ஏழு என்று மட்டும் சொல்லட்டும், அவரை விடமாட்டேன்.