சீட்டில் வராத பெயர்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். கோத்தகிரி முழுக்க மூட்டம். கீசர் ரிப்பேர், எலக்ட்ரீஷியன் நாளைக்கு என்கிறார், நேற்றும் அதைத்தான் சொன்னார். முட்டிக்கு ஊசி. டாக்டர்: "ஸ்டீராய்டுங்க சார். ஒரு மாசத்துக்கு ஓட்டப்பந்தயத்துல பேர் குடுத்துராதீங்க."

மாலை விளையாட்டு கிளப்பில் கூட்டம். மைதான வாசலில் கௌரவப் பலகை வைக்கிறார்கள், ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பத்துப் பேருக்கு. முப்பது வருடம் நிருபராக இருந்தவன் என்று தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஒன்பது பெயர் டீ ஆறுவதற்குள் முடிந்தது. அதில் சண்முகமும் உண்டு. மாநிலப் போட்டியில் 5,000 மீட்டர் வெள்ளி; இப்போது பஜாரில் ஹார்டுவேர் கடை.

பத்தாவது செல்வராணி. எஸ்டேட் பெண். அதே போட்டியில் 10,000 மீட்டர் தங்கம். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு வருடத் தடை. தங்கமும் போனது.

செயலாளர் ஜோகி: "மருந்து போட்டு ஓடுன பொண்ணு பேரை வெச்சா, நாளைக்குப் பசங்க நம்மளக் கேக்க மாட்டாங்களா?"

  சனிக்கிழமை ஓட்டு.

ஜூன் 3, செவ்வாய்

பழைய குறிப்பேடுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். தும்மல். என் வழக்கம்: அச்சுக்குப் போவது வலப்பக்கம், "எழுதாதீங்க" என்று சொன்னால் இடப்பக்கம். இடப்பக்கத்தில் உள்ளதை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டிலும்.

வலப்பக்கம் செ. (செல்வராணி) சொன்னது, அப்படியே அச்சில் வந்தது: "கோச் சத்து ஊசின்னு சொன்னாரு. கேக்காம கையை நீட்டுனது என் தப்பு."

எதிர்ப்பக்கம் ச. (சண்முகம்), மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்: "அதே பாட்டில்தானுங்க எனக்கும். சீட்டுப் போட்டு ஆளெடுத்துத்தான் சோதிச்சாங்க. அவ பேர் வந்துச்சு, எம்பேர் வரல. எழுதீராதீங்க."

நான் வாயைத் திறந்தால் கொடுத்த வாக்கு போகும். திறக்காவிட்டால் செ. வெளியே, ச. பலகையில்.

ஜூன் 5, வியாழன்

ஒரு மணி நேரம் வெயில். துணி காய்ந்தது, ஏறக்குறைய. கீசர் சரி.

ச. கடைக்குப் போனேன். என்னைக் கண்டால் பஸ்ஸில்கூடப் பின்பக்கம் நகர்ந்துவிடுகிறவர். சுற்றி வளைக்காமல், அன்று சொன்னதைக் குழுவில் சொல்ல அனுமதி கேட்டேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏனுங்க, அதை நீங்க அப்பவே நாலு பேர்கிட்டச் சொல்லியிருப்பீங்கன்னு இல்ல நெனச்சேன்?"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலைங்க."

"ஊருக்கே தெரியும்னு கல்யாண ஊட்டுக்குக்கூடப் போகாம இருந்தனுங்க. பின்னாடி சிரிப்பாங்கன்னு."

"யாருக்கும் தெரியாது."

"யாருக்குமே?" நிறுத்த ஆணியையே மறுபடி நிறுத்தார். "யோசிச்சுச் சொல்றனுங்க."

தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அனுமதி கேட்கப் போய், எதுவும் சொல்லாமலே தப்பிக்கலாம் என்று நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். முப்பது வருட அனுபவம்!

ஜூன் 6, வெள்ளி

ச.விடமிருந்து போன் இல்லை. பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டேனோ என்று சந்தேகம். அவர் சொல்லாவிட்டால் நான் பெயரைச் சொல்லப்போவதில்லை. குழுவிலிருந்து விலகலாம். செல்வராணிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஜூன் 7, சனி

மழை விட்டது. பதினொரு மணிக்குக் கூட்டம். ச. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். உட்காரவில்லை.

"அந்தப் புள்ளைக்குப் போட்ட ஊசிதானுங்க எனக்கும். அவ பேர் வேண்டாம்னா எம்பேரையும் அடிச்சிருங்க."

ஜோகி: "இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன்டா சொல்ற?"

"எல்லாத்துக்கும் தெரியும்னு இருந்தேன். தெரியாதுன்னு முந்தாநாள்தான் தெரிஞ்சுது. ஒருத்தருக்கும் தெரியாததுக்கா இத்தனை வருஷம் ஒளிஞ்சேன்னு ஆயிப்போச்சு!"

யாரோ சிரித்தார். பிறகு எல்லோரும். அவரும்.

ஒரு மணி நேர வாக்குவாதம். இரண்டு பெயருமே வேண்டாம் என்றார் ஒருவர். நியாயமான பேச்சு. அவர்கள் பின்னால் சுத்தமாக ஓடி வந்தவர்கள் யார் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. என் குறிப்பேட்டின் எந்தப் பக்கத்திலும் அவர்கள் இல்லை. அது உறுத்துகிறது.

கடைசியில் இரண்டு பெயரும், ஊசி விவரத்தோடு. முட்டி வலியே தெரியாமல் படியிறங்கினேன்.

செ.வுக்கு போன். எஸ்டேட்டில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. சிலோனிலிருந்து வந்த குடும்பம், அந்த இடத்தைப் பிள்ளை மடுவம் என்றுதான் சொல்வாள். பின்னணியில் ஒரே அழுகை.

"சண்முகம் அண்ணனா சொன்னாரு? நீங்க சொல்ல வச்சீங்களா?"

"அவரேதான்."

 மூக்கை உறிஞ்சும் சத்தம், அவளா குழந்தையா தெரியவில்லை.

"ஊசி விஷயத்தையும் பலகையில எழுதுவாங்கம்மா. சம்மதமா?"

"எழுதட்டும் சார். படிக்கிற பிள்ளைங்க, இது என்ன ஊசின்னு கோச்சுகிட்டக் கேக்கட்டும். இருங்க சார், இங்க ஒருத்தன் மண்ணைத் திங்கிறான். டேய்!"

போன் கட்.